கணுக்காலில் கட்டின காப்பு

பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கிழமை, கரிமூட்டத்துக்கு மேல மண்ணு அள்ளிப் போட்டுக்கிட்டு நின்ன முத்திருளாயிக்கு வலது காலுல, புறங்காலும் கணுக்காலும் சேருற இடத்துல, ஒரு செடி முளைச்சுச்சு. இதைக் கேட்டு வாயைப் பிளக்காதீக. நாங்க யாரும் பிளக்கல. ஒரு மாசத்துக்கு முன்னாடி அந்த இடத்துல கருவமுள்ளு குத்தி, முள்ளு உள்ளேயே ஒடிஞ்சு, காலு பூசணிக்காயாட்டம் வீங்கி, சீழ் வச்சு உடைஞ்சு, அந்தப் புண்ணு வாய் மூடாமயே கெடந்துச்சு. அந்த வாய்க்குள்ள இருந்துதான் ரெண்டு எலை எட்டிப் பாத்துச்சு. அவ குனிஞ்சு பாத்துட்டு, "ஏ மதினி, இங்கன வந்து பாருங்க, பச்சையா என்னமோ தெரியுது"ன்னா. நான் போய்ப் பாத்தேன். "செடிதான்டி"ன்னேன். "சரி"ன்னுட்டு அவ மிச்ச மண்ணையும் அள்ளிப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனா. மூட்டத்துல ஓட்டை விழுந்தா கரி சாம்பலாப் போயிரும்ல.

எங்க ஊரு பேரு ஆவாரேந்தல். ஊருக்குள்ள ஆவாரஞ்செடி ஒண்ணுகூடக் கெடையாது. ஒரு காலத்துல இருந்துச்சு. வீக்கமா, நொச்சியை வதக்கி ஒத்தடம் குடு; வெட்டுக்காயமா, வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு விடு; சொறி செரங்கா, குப்பைமேனியோட மஞ்சளை வச்சு அரைச்சுப் பூசு; முள்ளு உள்ள நிக்குதா, எருக்கம்பாலை வையி, தானா வெளிய வரும்னு வேலியோரத்துலயே வைத்தியம் வளந்து கெடந்த ஊருதான். அப்புறம் வேலிக்கருவை வந்துச்சு. அது தண்ணியக் குடிச்சுச்சு, அடுத்து நெழலக் குடிச்சுச்சு, அதுக்கும் அடுத்து தனக்குக் கீழ ஒரு புல்லு முளைக்கிற ஆசையக்கூடக் குடிச்சுருச்சு. அது மிச்சம் வச்சதை மருந்துக் கம்பெனி ஏசண்டுக்காக வேரோட தோண்டிச் சாக்குல கட்டி ஏத்தினாக. தோண்டினவுகள்ல எங்க அப்பாவும் ஒருத்தரு, பொய் சொல்ல மாட்டேன். இப்ப அந்தக் கருவையை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி வித்துத்தான் எங்களுக்குச் சோறு. ஏசவும் முடியாது, வாழ்த்தவும் முடியாது, அப்படி ஒரு மரம்.

அதனால எங்க ஊருல புண்ணில்லாத ஆளு கெடையாது. பாதத்துல முள்ளு, கையில அருவா வெட்டு, முழங்கையில மூட்டத்துத் தீ, முதுகுல மூட்டை உரசின காயம், சக்கரை வந்தவுகளுக்கு விரல் இடுக்குல சொத்தை, பிள்ளைகளுக்குத் தலையில செரங்கு. வெயிலு காலத்துல காய்ஞ்சும் மழைக்காலத்துல நனைஞ்சும் அதுபாட்டுக்கு இருக்கும், ஆனா ஆறாது. புண்ணோட பொறந்து புண்ணோட போறதுன்னு நாங்களும் விட்டுட்டோம்.

அந்தச் செடி மருந்துன்னு கண்டுபிடிச்சது மனுசன் இல்ல, ஒரு வெள்ளாடு. இருளாயி கண் அசந்த நேரமாப் பாத்து ஒரு எலையைக் கடிச்சுட்டு ஓடுச்சு. நாய் கடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்த அதோட காது பொழுது சாயுறதுக்குள்ள ஒட்டிக்கிருச்சு. மறுநாள் மூட்டத்துல கை வெந்த ஒரு பய வந்து ஒரு எலை கேட்டான். கசக்கி வச்சான். தோலு புதுசா வந்துருச்சு. அவ்வளவுதான். நாலு நாளுல ஊரே அவ வாசல்ல நின்னுச்சு.

அது என்ன செடின்னு ஒரு வாரம் சண்டை நடந்துச்சு. எலையைப் பாத்தா குப்பைமேனி, மோந்தா நொச்சி, உச்சியில பூத்த பூவைப் பாத்தா எங்க ஊருப் பேரச் சொல்லுற மஞ்சள். அவுகவுக வீட்டுப் புண்ணுக்கு எது வேணுமோ அதுதான்னு அவுகவுக சொல்லிக்கிட்டாக. கிராம அதிகாரி வந்து பாத்துட்டு, "செடி வளருற எடம் பட்டாவா பொறம்போக்கா?"ன்னு கேட்டாரு. காலு அவளுது, அதனால பட்டாதான்னு சில பேரு சொன்னாக. காலுல ஒட்டியிருக்குற மண்ணு ஊரு மண்ணு, அதனால பொறம்போக்குன்னு பஞ்சாயத்துத் தலைவர் சொன்னாரு. ஊர்க்கூட்டத்துல தலைவர் பேச்சுத்தான் நின்னுச்சு.

அதுக்கப்புறம் சட்டம் போட்டாக பாருங்க, அடேயப்பா! முள்ளுக் குத்துக்கு அரை எலை, வெட்டுக்கு ஒரு எலை, தீக்காயத்துக்கு ரெண்டு எலை. செவ்வாயும் வெள்ளியும் பறிக்கக் கூடாது. இருளாயி தரையில காலு ஊன்றக் கூடாது, வேரு அசையும். கருவாடு திங்கக் கூடாது, உப்பு ஏறினா செடி வாடிரும். காலைல கெழக்கு வெயிலு, சாயங்காலம் மேற்கு வெயிலு காலுல படணும்னு கட்டிலைத் தூக்கி வைக்க ரெண்டு ஆளு. வீட்டுக்கு ஒரு நாளு முறை வச்சு அவளுக்குச் சோறு. டீக்கடைக்காரர் கடையைப் பேத்துக்கிட்டு வந்து அவ வீட்டுக்கு எதுத்தாப்புல போட்டாரு. "உனக்கென்ன இருளாயி, மகாராணி கணக்கா உக்காந்து திங்கிற"ன்னு நாங்களே சொன்னோம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கிற கதைதான். காலு அவளுது, தாராளம் எங்களுது.

ஒவ்வொரு எலையைப் பறிக்கிறப்பவும் அவளுக்குப் பல்லு பிடுங்குற வலி. வேரு முழங்காலு வரைக்கும் போயிருச்சுன்னு அவளே சொல்லுவா. முந்தானையைச் சுருட்டி வாயில கடிச்சுக்கிட்டுக் காலை நீட்டுவா. "கொஞ்சம் பொறுத்துக்க தாயி"ன்னுக்கிட்டே பறிப்போம். அடுத்தவுக புண்ணையெல்லாம் ஆத்தின செடி அவ புண்ணை மட்டும் ஆத்தல. ஊசி போடுற கம்பவுண்டர் ஒருநாள் பாத்துட்டு, "இதைப் பிடுங்கிப் போட்டா பத்து நாளுல ஆறிரும்மா, ஏன் வச்சுக்கிட்டு சங்கடப்படுற?"ன்னாரு. அவ, "இருந்துட்டுப் போகட்டும் சார், நாலு சனத்துக்கு ஆகுது"ன்னா. அப்படிப்பட்ட மனுசி அவ. புருசன் செத்து பன்னெண்டு வருசம், ஒத்தைப் பிள்ளை மாரிச்செல்வியை வளத்து, திருப்பூருல பனியன் கம்பெனியில வேலை பாக்குற அழகருக்குக் கட்டிக் குடுத்திருந்தா. பிள்ளை அப்ப முழுகாம இருந்துச்சு.

இங்கதான் எங்க மொத அநியாயம். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு மாரிச்செல்வியைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு இருளாயி துடிச்சா. அவ வீட்டு வாசல்லதான் சீழும் ரத்தமுமா ஊரு சனம் உக்காந்திருக்கே, அங்க ஒரு பிள்ளைத்தாச்சியை எப்படி வைக்கிறது? ஒண்ணு நாங்க வர்றதை நிறுத்தணும், இல்ல அவ மகளைக் கூப்பிடாம இருக்கணும். கூட்டம் போட்டுப் பேசினோம். மகள் திருப்பூர்லயே இருக்கட்டும், அங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்குன்னு முடிவு பண்ணினோம். இருளாயி அழுதுட்டு, "ஆவணியில பிள்ளைக்குப் பேறுகாலம். அதுக்கு மொத நாளு செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு நான் போயிருவேன். பேரப்பிள்ளையை நான்தான் குளிப்பாட்டுவேன்"ன்னா. "போ தாயி, யாரு வேண்டாங்கிறா?"ன்னு எல்லாரும் சொன்னோம். சொல்லுறதுக்கு என்ன, நாக்குல எலும்பா இருக்கு.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் குருவம்மா. என் வீட்டுக்காரர் சேதுராசு கரி லாரியில மூட்டை ஏத்துறவரு. அவருக்குச் சக்கரை. ஆனி மாசத்துல உள்ளங்காலுல ஒரு கொப்புளம் வந்து, உடைஞ்சு, ஒரு ரூபாத் துட்டு அளவுக்குக் குழியாகி, நாத்தம் எடுத்துருச்சு. மதுரையில டாக்டரு முழங்காலுக்குக் கீழ எடுத்துரணும்னு சொல்லி நாளும் குறிச்சுட்டாரு. ஒத்தைக் காலோட மூட்டை தூக்க முடியுமா? ரெண்டு காலும் இருக்கப்பவே கஞ்சிக்குத் தாளம் போடுற குடும்பம் எங்களுது. தனக்கு வந்தாத்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும். நான் ஓடினேன் இருளாயிக்கிட்ட.

எலையை வச்சா குழி சுருங்கும், எலை காஞ்சு விழுந்தா மறுபடி விரியும். மத்தவுகளுக்கு ஒரு எலையில ஆறினது அவருக்கு ஆறல, சக்கரைப் புண்ணாச்சே. அப்பத்தான் மருந்து பறிக்கிறப்ப எங்க அப்பா செய்யுற முறை என் நெனப்புக்கு வந்துச்சு. நாள்பட்ட புண்ணுக்கு ஒரு செடியில இருந்து செவ்வா வெள்ளின்னு பாக்காம நாப்பத்தெட்டு நாளு தொடர்ந்து பறிக்கணும்னா, மொத நாளு விடியக்காலைல குளிச்சுட்டுப் போய், மஞ்சள் நூலை அந்தச் செடிக்குக் காப்பாக் கட்டி, "உன் சாபம் நீங்கட்டும், உன் உயிரு உடம்புல நிக்கட்டும், இந்த நோயாளிக்கு மருந்தா இரு"ன்னு அதுக்கிட்டக் கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். கட்டின கைதான் அவுக்கணும். வேற ஆளு அவுத்தாலோ, நூலு அறுந்தாலோ, எலை விசமாயிரும். நாப்பத்தெட்டுக்கு முன்னாடி அவுத்தா, ஆறின புண்ணு மறுபடி வாயத் திறந்துரும். இது உண்மையான்னு யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல. பாக்குற தைரியம் யாருக்கு இருக்கு?

ஒரு சனிக்கெழமை விடியக்காலைல போனேன். செடி நாலு விரக்கடை உசரம்தான். தண்டு தீக்குச்சி தடிமன். நூலைச் சுத்தினா நிக்க மாட்டேங்குது, வழுக்கி வழுக்கி விழுகுது. மூணு தடவை பாத்தேன். நாலாவது தடவை செடித் தண்டையும் இருளாயி கணுக்காலையும் சேத்து வளைச்சு மூணு முடிச்சாப் போட்டுட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "என்ன மதினி, எனக்கும் சேத்தா காப்பு? நானும் மூலிகையா?"ன்னா. நானும் சிரிச்சேன். அப்பறம் கண்ண மூடிக்கிட்டுச் செடிக்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், உத்தரவு கேட்டேன். செடிக்கிட்டத்தான் கேட்டேன். கூடவே கட்டுப்பட்ட காலுக்குச் சொந்தக்காரிக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் என் நெஞ்சைப் போட்டு அறுக்குறது இதுதான்.

சாயங்காலம் தலைவர் வந்தாரு. நூலைப் பாத்தாரு. "காப்புக் கட்டின காலா இது? அப்பக் காப்பு அவுக்குற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதே"ன்னாரு. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினா ஊருல யாரும் எல்லை தாண்டித் தங்கக் கூடாதுங்கிறது எங்க வழக்கம். செடிக்குக் கட்டுற காப்பு வேற, சாமிக்குக் கட்டுற காப்பு வேறன்னு எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா அவ நடுவுல எந்திரிச்சு மகளப் பாக்கப் போயிருவாளோன்னு ஒரு பயம். ஊரு சனத்துக்கெல்லாம் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். இனி நாப்பத்தெட்டு நாளைக்குச் செடி எங்கயும் போகாதுல்ல. இருளாயி மட்டும் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "பேறுகாலத்துக்கு அம்பத்தஞ்சு நாளு இருக்கு. பரவாயில்ல, சரியா இருக்கும்"ன்னா.

பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா? மூணு வாரம் முந்திக்கிருச்சு. முப்பத்துநாலாம் நாளு மாரிச்செல்விக்கு வயித்தைக் கிழிச்சுத்தான் ஆண் பிள்ளை பொறந்துச்சு. ஊருக்கே மிட்டாய் குடுத்தா இருளாயி, கட்டில்ல உக்காந்தபடிக்கே. முப்பத்தேழாம் நாளு காலைல அழகர் போன் பண்ணினான். "அத்தை, தையல் பிரிஞ்சு சீழ் வச்சிருச்சு. காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. டாக்டருக பாத்துக்கிட்டுத்தான் இருக்காக, ஆனா நல்ல வார்த்தை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாக. ஊருக்குத் தூக்கிட்டு வரலாம்னா வழியில உசுருக்கு ஆபத்துங்கிறாக. உங்க காலுல ஏதோ மருந்து இருக்குன்னாகளே, கொண்டாங்க அத்தை"ன்னான்.

அவ கட்டிலைத் தூக்குற ஆளுகளைக்கூடக் கூப்பிடல. தரையில காலை ஊன்றி, வழியெல்லாம் ரத்தமாச் சொட்ட, நொண்டிக்கிட்டே என் வீட்டுக்கு வந்தா. நான் அப்பத்தான் அவருக்குக் கட்டுப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். குழி சுருங்கிச் சுருங்கி ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்துச்சு. சுத்திப் புதுத் தோலு, கொழந்தை ஒதடு மாதிரிச் செவப்பா. அதைப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்த நேரம் பாத்தா அவ வரணும்?

"மதினி, நூலை அவுத்து விடுங்க. நான் திருப்பூருக்குப் போகணும். பிள்ளைக்குத் தையல் சீழ் வச்சிருச்சாம்."

"அய்யய்யோ! எப்பருந்து?"

"நேத்தைக்கே. அவுத்து விடுங்க மதினி, பத்து மணி பஸ்ஸு போயிரும்."

"இருளாயி, இன்னும் பதினோரு நாளு இருக்கே."

"தெரியும் மதினி. நான் எண்ணாத நாளா? பிள்ளைக்கு வச்சுட்டு ஓடியாந்துருவேன். வேற நூலாக் கட்டிக்கோங்க, மொதல்ல இருந்து நாப்பத்தெட்டு நாளும் இருக்கேன். சத்தியமா இருக்கேன்."

"நடுவுல அவுத்தா புண்ணு திறந்துரும்டி. டாக்டரு காலை எடுத்துருவாருடி. பாரு, எம்புட்டு ஆறியிருக்கு. நீயே பாரேன்."

அவ குனிஞ்சு பாத்தா. நிசமாவே அக்கறையாப் பாத்தா. "நல்லா ஆறியிருக்கு"ன்னா. அப்பறம், "சீழு பதினோரு நாளு பொறுக்குமா மதினி?"ன்னா. நான் கட்டுத் துணியைச் சுத்த ஆரம்பிச்சேன். என் வீட்டுக்காரர் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.

ஊர்க்கூட்டம் கூடுச்சு. வாழ்க்கையில மொத தடவையா எங்க ஊரு ஆளுக ஒரு விசயத்துல ஒத்துமையா இருந்தாக. "கட்டினது குருவம்மா, அவுக்குறதும் அவ இஷ்டம்"ன்னு எல்லாரும் என் தலையில தூக்கி வச்சுட்டுக் கையத் தட்டி விட்டுக்கிட்டாக. அவுக யாருக்கும் அவ போறதுல விருப்பம் இல்ல. போனா திருப்பூர்க்காரன் பிடிச்சு வச்சுக்குவான், ஊருச் செடி ஊரை விட்டுப் போயிரும்னு ஆளாளுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். பாம்பும் சாகணும், கம்பும் ஒடியக் கூடாதுன்னு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாக. எலையை மட்டும் பறிச்சு அனுப்புறது. ஈரத்துணியில சுத்தி ஒரு ஆளுக்கிட்டக் குடுத்து பஸ் ஏத்தினோம். அருப்புக்கோட்டையில இறங்கித் துணியப் பிரிச்சுப் பாத்தா உள்ள மூக்குப்பொடி மாதிரித் தூளு. மறுநாள் ஐஸ் போட்டு பிளாஸ்குல வச்சு அனுப்பினோம். அதுவும் அதே எடத்துல தூளாப் போச்சு. பறிச்ச கையோட வச்சாத்தான் அந்த எலை மருந்து, இல்லாட்டி சாம்பல். அப்ப காலுதான் போகணும், வேற வழியே இல்லைன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு.

"நூலை நீயே அறுத்துட்டுப் போயேன்டி"ன்னு டீக்கடைக்காரர் பொண்டாட்டி அவ காதுல சொல்லியிருக்கா. அதுக்கு இருளாயி, "அறுத்தா விசம்ல அக்கா. என் பிள்ளைக்கு நானே எப்படி விசத்தைக் கொண்டுபோய் வைப்பேன்?"ன்னாளாம். அந்த நம்பிக்கையை ஊருக்குள்ள சொன்னது யாரு? நான்தான். எங்க அப்பன் சொன்னதை நான் சொன்னேன், நான் சொன்னதை அவ நம்பினா. என்னைய விட உறுதியா நம்பினா.

முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. ரெண்டு நாளும் விடிஞ்சதும் நான் போவேன், அவ முந்தானையைக் கடிச்சுக்கிட்டுக் காலை நீட்டுவா, நான் அன்னைக்கு உரிய எலையைப் பறிச்சுக்கிட்டு வருவேன். ஒரு நாளும் அவ காலை இழுத்துக்கிடல. "இன்னைக்கு எப்படி மதினி இருக்கு அண்ணனுக்கு?"ன்னு மட்டும் கேப்பா. ஏசியிருந்தா, மண்ணை வாரித் தூத்தியிருந்தா, நான் பதிலுக்கு நாலு ஏசு ஏசிட்டு அந்த வேகத்துலயாவது நூலை அவுத்து எறிஞ்சிருப்பேன். அவ ஏசல. தான் கேக்குறது நியாயம்னு அவளுக்குத் தெரியும், குடுக்க மாட்டேங்கிறவளுக்கும் ஒரு காரணம் இருக்குன்னும் அவளுக்குத் தெரியும். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு ஒரு மனுசி உக்காந்திருந்தா எதுத்தாப்புல நிக்குறவ என்ன செய்வா? எலையைப் பறிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடியாந்துருவா.

நாப்பதாம் நாளு காலைல அவளே வந்து என் வாசப்படியில உக்காந்து காலை நீட்டிக்கிட்டா. கையில போனு. போனுக்குள்ள மாரிச்செல்வி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. "எம்மா, எங்கம்மா வர்ற? எம்மா, எங்கம்மா வர்ற?" வேற பேச்சே இல்ல, காய்ச்சல்ல அது ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு அந்தப் பிள்ளை. நான் கையில இருந்த கரண்டியக் கீழ போட்டுட்டு வந்து குனிஞ்சேன். நாப்பது நாளு சீழும் தண்ணியும் பட்டு முடிச்சு கல்லாட்டம் இறுகிப் போயிருந்துச்சு. விரலுக்கு வரல. நகத்துக்கும் வரல. அவ காலுல வாய வச்சுப் பல்லாலதான் பிரிச்சேன், ஒண்ணு, ரெண்டு, மூணு முடிச்சு. வாயெல்லாம் உப்பு. உள்ள இருந்து அவரு அவுக்காதன்னும் சொல்லல, அவுத்துருன்னும் சொல்லல.

காப்பு அவுந்துருச்சு, இனி செடி பத்திரமாத் திரும்பி வந்தாப் போதும்னு தலைவரே தன் காரைக் குடுத்தாரு; அதுலதான் போனோம், நானும் அவளும். முன்னாடி சீட்டுல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, செடி மேல காத்து அடிக்காம ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு வந்தா. எல்லை தாண்டினப்ப அருப்புக்கோட்டையில எலை தூளாயிருமோன்னு என் உசுரு என்கிட்ட இல்ல. ஆகல. காலோட இருந்ததால பச்சையாவே இருந்துச்சு. மதுரை தாண்டி, திண்டுக்கல் தாண்டி, ஒட்டன்சத்திரத்துக்கிட்டப் போறப்ப உச்சி வெயிலுல போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். அழகர் பேசல, அழுதான். அவ திரும்பிப் பாக்கல. "வண்டியத் திருப்பிராதீக. போங்க"ன்னு டிரைவர்கிட்டச் சொன்னா.

ஆஸ்பத்திரியில மாரிச்செல்விய ஒரு வெள்ளைத் துணி போத்தி வச்சிருந்தாக. இருளாயி துணிய விலக்கினா. தையல் போட்ட எடம் வாயத் திறந்துக்கிட்டுக் கெடந்துச்சு. அது வரைக்கும் அந்தச் செடியில அவ கையால ஒரு எலை பறிச்சதில்ல. அன்னைக்குப் பறிச்சா. முந்தானையைக் கடிக்கல. ஒவ்வொரு எலையாப் பறிச்சுக் கசக்கி, மக வயித்துல சாறு விட்டுத் தடவினா. நாங்க பாத்துக்கிட்டே இருக்க அந்தப் புண்ணு மூடுச்சு. சீழு வத்துச்சு, வீக்கம் வடிஞ்சுச்சு, தோலு வந்து தோலைத் தொட்டுச்சு, தையல் தழும்புகூட இல்லாம வயிறு வழுவழுன்னு ஆகிருச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி. பக்கத்துல நின்ன நர்ஸம்மா கும்பிட்டுருச்சு. புண்ணு ஆறிருச்சு. பிள்ளை எந்திரிக்கல.

அங்கேயே தகனம் பண்ணினாக. பச்சப் பிள்ளைய அழகரோட ஆத்தா வாங்கி மாரோட அணைச்சுக்கிட்டு, இருளாயி கையில குடுக்கவே இல்ல. "மகளுக்கே வந்து சேராத காலு, பேரனுக்கு எதுக்கு"ன்னுச்சு அந்த அம்மா. அந்த அம்மாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஊருக்குத் திரும்பினோம். மகள் செத்த துக்கத்துல செடி பட்டுப் போயிரும்னு எல்லாரும் எதிர்பாத்தோம். எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதலாவும் இருந்துச்சு, எங்களுக்கு ஒரு தண்டனை கெடைச்சுரும்னு. கெடைக்கல. மொட்டையா நின்ன தண்டுல மூணு நாளுல துளிர் விட்டுச்சு. முன்னைய விடச் செழிப்பா, எலை எலையாத் தழைச்சு, பூவும் வச்சுச்சு. மூணு நாளு வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் அந்தப் பக்கம் போகல. நாலாம் நாளு மூட்டத்துல ஒரு குட்டிப் பிள்ளை விழுந்து தொடை வெந்துருச்சு. தூக்கிக்கிட்டு ஓடினாக. அவ காலை நீட்டினா. அஞ்சாம் நாளு ரெண்டு பேரு. ஆறாம் நாளு டீக்கடைக்காரர் மறுபடி அடுப்பைப் பத்த வச்சாரு.

ஏழாம் நாளு நான் போனேன். சத்தியமா எலைக்குப் போகல. ஏழு நாளா எலை வைக்காம என் வீட்டுக்காரர் காலுல புளியங்கொட்டை மறுபடி துட்டாகி, கட்டுத் துணி நனைய ஆரம்பிச்சிருந்துச்சு. அது நெசம். இருந்தாலும் நான் அதுக்குப் போகல. அவ கட்டிலுக்குக் கீழ தரையில உக்காந்து, அவ முகத்தைப் பாக்க முடியாம, அந்தக் காலையே பாத்துக்கிட்டுச் சொன்னேன்.

"இருளாயி, இதைப் பிடுங்கிப் போட்டுரு தாயி. யாருக்காக வச்சிருக்க? எங்க ஊரு நாசமாப் போகட்டும். பிடுங்கிப் போட்டுரு."

செடியில ஒரு பழுத்த எலை இருந்துச்சு, அதை அவ விரலால நீவி விட்டுக்கிட்டு இருந்தா.

"பிடுங்கினா ஆறிரும் மதினி"ன்னா.

"ஆறட்டும்டி."

"ஆறக் கூடாது மதினி. இதுவும் ஆறிருச்சுன்னா எனக்கு அப்பறம் என்ன இருக்கு?"

முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். "இருங்க"ன்னு கூப்பிட்டா. திரும்பினேன். முந்தானையைச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு, காலை என் பக்கமா நீட்டியிருந்தா. குத்தலும் இல்ல, கோவமும் இல்ல அந்த முகத்துல. "அண்ணனுக்கு இன்னும் எட்டு நாளு பாக்கி இருக்குல்ல"ன்னா.

நான் அழுதேன். எதுத்த கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தவுகளெல்லாம் எட்டிப் பாக்குற மாதிரி, மாருல அடிச்சுக்கிட்டு, வாய்விட்டு அழுதேன். அழுதுக்கிட்டே அவ காலடியில உக்காந்தேன். அழுதுக்கிட்டே குனிஞ்சு, நல்ல எலையாப் பாத்துப் பறிச்சேன்.